நந்தி மலைக்கு முன்பே கழுத்து கெஞ்சுகிறது: ஸ்டெம்மை மாற்றுவதா, சைக்கிளையே மாற்றுவதா?

அல்சூர்வாசி | ஞாயிறு, பிற்பகல் 2.10

நந்தி மலைக்குப் போய்வந்து குளித்துவிட்டு, கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு இதை எழுதுகிறேன். வயது 43. எட்டு மாதங்களுக்கு முன் வளைந்த ஹேண்டில் வைத்த ரோடு பைக் வாங்கினேன். வாரத்தில் மூன்று நாள் பெங்களூரு அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு அலுவலகத்துக்கு அதில்தான் போகிறேன். அதில் பெரிய தொல்லை இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வினை.

ஹெப்பால் மேம்பாலம் வரை ராஜா மாதிரி போகிறேன். விமான நிலையச் சாலையில் 25ஆவது கிலோமீட்டர் வாக்கில் வலது காதுக்குக் கீழே ஓர் இழுப்பு தொடங்கும். தேவனஹள்ளியில் காபிக்கு நிறுத்தும்போது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே யாரோ கட்டைவிரலை ஊன்றி அழுத்துவது போல் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், மலை ஏறத் தொடங்கியதும் வலி குறைந்துவிடுகிறது. மூச்சு முட்டுகிறது, தொடை எரிகிறது, கழுத்து மட்டும் நல்ல பிள்ளையாக இருக்கிறது. இறக்கத்தில் மறுபடி ஆரம்பம். இன்று பின்னால் வந்த காரைத் திரும்பிப் பார்க்கக் கழுத்து வளையாமல் உடம்பையே திருப்பினேன். சைக்கிள் அப்படியே சாலை நடுவுக்குப் போய்விட்டது. கார்க்காரர் கன்னடத்தில் என்னை வாழ்த்திவிட்டுப் போனார்.

தலையணையை மாற்றிப் பார்த்தேன். தைலம் ஒரு புட்டி காலி. வாங்கிய கடையில் கேட்டதற்கு "பழகிவிடும் சார்" என்றார்கள். எட்டு மாதத்தில் பழகியது வலிதான். ஸ்டெம்மை, அதாவது ஹேண்டிலைச் சைக்கிளோடு இணைக்கும் துண்டை, மாற்றச் சொல்கிறான் ஒரு நண்பன், சீட்டைத் தள்ளச் சொல்கிறான் இன்னொருவன். எங்கிருந்து தொடங்குவது?

பழைய ஹெர்குலிஸ் | ஞாயிறு, பிற்பகல் 3.25

விற்றுவிடுங்கள். என் அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். 2001இல் சுரங்கத்தை மூடுவதற்கு வெகு நாள் முன்பே ஓய்வு பெற்றார். முப்பது வருடம் ஷிப்டுக்குப் போனது ஒரே ஹெர்குலிஸ் சைக்கிளில். ஹேண்டில் சீட்டைவிட உயரம், முதுகு தென்னை மரம் மாதிரி நேராக இருக்கும். கழுத்து வலி என்று ஒரு நாள் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. லட்ச ரூபாய் கொடுத்துக் குனிந்து போவானேன், பிறகு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை என்று அழுவானேன்?

நாலுமணிக்காரர் | ஞாயிறு, மாலை 5.02

ஹெர்குலிஸ் ஐயா சொல்வதில் பாதி சரி. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தலை முதுகெலும்பின் மேல் நின்றது. அல்சூர்வாசி குனிந்து உட்கார்கிறார். தலை முன்னால் தொங்குகிறது, சாலையைப் பார்க்க அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மனிதத் தலை நாலரை முதல் ஐந்து கிலோ. ஹெல்மெட்டுக்கு இன்னொரு கால் கிலோ, முந்நூறு கிராம் சேருங்கள். அரிசிப் பையைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நில்லுங்கள் என்றால் நிற்போமா? கழுத்தின் பின்தசை அதைத்தான் செய்கிறது. ஆனால் சைக்கிளை விற்பது பல்வலிக்குத் தலையை வெட்டுவது போல.

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே துப்பு இருக்கிறது. ஏற்றத்தில் ஏன் வலிக்கவில்லை? ஏற்றத்தில் கையை ஹேண்டிலின் மேல் பகுதியில், ஸ்டெம்முக்குப் பக்கத்தில் வைத்திருப்பீர்கள். உடம்பு நிமிர்ந்திருக்கும். வேகம் பத்துக்குக் கீழே, பார்வை முன்சக்கரத்துக்கு அப்பால் சில அடிதான். சமதரையில் பிரேக் பிடியில் கை, பார்வை நூறு மீட்டர் தள்ளி. ஆக, கைக்கு எட்ட வேண்டிய தூரமும் பார்வைக் கோணமும்தான் சந்தேகப் பட்டியலில் முதல் இரண்டு.

இவற்றை அளந்து எழுதுங்கள்: ஸ்டெம் நீளம், அதன் கீழ் எத்தனை ஸ்பேசர் (உயரம் கூட்டும் வளையம்), சீட்டின் மூக்கு சமமா சாய்வா, டயர் அகலம், காற்றழுத்தம். முடிந்தால் யாரையாவது பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிடம் காணொளி எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஓட்டுவதாக நினைப்பது ஒன்று, ஓட்டுவது வேறு.

ஒத்தடம் | ஞாயிறு, இரவு 8.40

இத்தனை கணக்கு எதற்கு? உப்பை வறுத்துத் துணியில் கட்டி இரவில் ஒத்தடம் கொடுங்கள். மறுநாள் முடிவெட்டும் கடையில் கழுத்தை ஒரு சொடுக்கு சொடுக்கச் சொல்லுங்கள். சிவாஜிநகரில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், இரண்டு பக்கமும் 'மடக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், பூ மாதிரி ஆகிவிடும்.

தசைநார் | ஞாயிறு, இரவு 9.15

இயன்முறை மருத்துவராகப் பதினோரு வருடம் வேலை பார்க்கிறேன். உப்பு ஒத்தடம் நல்லது, தாராளமாகக் கொடுங்கள். சூட்டில் தசை தளரும். இரண்டாவது யோசனையை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்பின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போனதுண்டு. அரிதுதான். ஆனால் ஐம்பது ரூபாய் முடிவெட்டோடு இலவசமாக வாங்கிக்கொள்ளும் அபாயம் அல்ல.

அல்சூர்வாசி, முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். வலி கைக்கு இறங்குகிறதா? விரல் மரத்துப்போகிறதா, பிடி தளர்கிறதா? இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறதா? அண்மையில் விழுந்தீர்களா? காய்ச்சல், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கழிப்பதில் மாற்றம்? இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த இழையை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒத்தடம் | ஞாயிறு, இரவு 9.31

இருபது வருடமாகச் சொடுக்குகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே.

தசைநார் | ஞாயிறு, இரவு 9.38

ஆகாமலே இருக்கட்டும், ஐயா. அதற்காகத்தான் சொல்கிறேன்.

அல்சூர்வாசி | திங்கள், இரவு 10.20

தசைநார் அக்கா கேட்டவை எதுவும் இல்லை. விழவில்லை. காலையில் எழுந்தால் ஒரு பக்கம் பிடித்தாற்போல் இருக்கிறது, பத்து மணிக்குள் சரியாகிவிடுகிறது.

அளவுகள்: ஸ்டெம் 110 மில்லிமீட்டர், சாய்வு 6 டிகிரி, கீழ்நோக்கி. அடியில் ஒரே ஒரு ஸ்பேசர், மேலே மூன்று. டயர் 25 மில்லிமீட்டர். காற்று 115 பிஎஸ்ஐ, பம்பில் கை வலிக்கும் வரை அடிப்பேன். என் எடை 71 கிலோ. சீட்டின் மேல் கைபேசியை வைத்து மட்டம் பார்த்தேன்: மூக்கு 5 டிகிரி கீழே. உட்காரும் இடம் வலிக்கிறது என்று நானே இறக்கியது.

மகளைத் தெருவோரம் நிற்கவைத்துக் காணொளி எடுத்தேன். இணைத்திருக்கிறேன். பின்னணியில் சிரிப்பது அவள்.

ஆலன்கீ | செவ்வாய், காலை 7.05

மேலே மூன்று ஸ்பேசர் இருக்கின்றன. கடைக்காரர் கீழே போடாமல் விட்டுவிட்டார். காசு செலவில்லாமல் ஹேண்டில் உயர வழி இருக்கிறது. அதற்கு முன் சீட்டைக் கவனியுங்கள். மூக்கு இறங்கினால் மிதிக்கும்போதெல்லாம் நீங்கள் முன்னால் வழுக்குகிறீர்கள், கையை ஊன்றித் தடுக்கிறீர்கள், முழங்கை பூட்டிக்கொள்கிறது, தோள் காதுவரை ஏறுகிறது. வலி கழுத்தில், காரணம் பின்புறத்தில். சீட்டைச் சமமாக்கினால் உட்காரும் இடம் மறுபடி வலிக்குமே என்பீர்கள். உயரம் கூடுதலாக இருந்தாலும் அப்படி வலிக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். குதிகால் எட்டாமல் இடுப்பு சாய்ந்தால் சீட் உயரம்.

இன்னொன்று. எட்டவில்லை என்பதற்காகச் சீட்டை முன்னால் இழுக்காதீர்கள். சீட்டின் இடம் முழங்காலுக்கானது. கைக்கு எட்டாத குறையை ஸ்டெம்மில்தான் தீர்க்க வேண்டும்.

வேலை வரிசை இது. பலர் தலைகீழாகச் செய்து முன்பக்கம் ஆட்டம் கொடுக்க வைத்துவிடுகிறார்கள். முதலில் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட் இரண்டையும் தளர்த்துங்கள், பிறகு உச்சி மூடியின் போல்ட்டைக் கழற்றுங்கள். ஸ்பேசரைக் கீழே மாற்றி, ஸ்டெம்மை மாட்டி, உச்சி மூடியை ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். அது ஸ்டெம்மைப் பிடித்துவைக்கும் போல்ட் அல்ல, பேரிங்குக்கு அழுத்தம் கொடுப்பது. ஹேண்டிலை நேராக்கிவிட்டுக் கடைசியாகப் பக்கவாட்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்குங்கள். எவ்வளவு முறுக்க வேண்டும் என்று ஸ்டெம்மிலேயே எண் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக் டக்' கேட்டால் மறுபடி செய்யுங்கள்.

115 பிஎஸ்ஐயை நம் ஊர்ச் சாலையில் அடிப்பது பாவம். உங்கள் எடைக்கு 85, 90 போதும். ஃபிரேம் இடம் கொடுத்தால் அடுத்த முறை 28 மில்லிமீட்டர் டயர் போட்டு இன்னும் குறைக்கலாம். ஒவ்வொரு குழியின் அதிர்வும் மணிக்கட்டு வழியாகக் கழுத்தில்தான் போய் முடிகிறது.

மழைக்கோட்டு | செவ்வாய், காலை 11.48

எல்லோரும் சைக்கிளைப் பார்க்கிறீர்கள். நான் காணொளியை மூன்று முறை பார்த்தேன். ஒரு நிமிடத்தில் ஆறு முறை மூக்குக்கண்ணாடியை நடுவிரலால் மேலே தள்ளுகிறார். தள்ளாத நேரத்தில் முகவாய் வானத்தைப் பார்க்கிறது.

நானும் கண்ணாடி போடுபவள், எனக்கும் இதே கதை நடந்தது. குனிந்து ஓட்டும்போது நாம் கண்ணாடியின் நடுப்பகுதி வழியாகப் பார்ப்பதில்லை, மேல் விளிம்பை ஒட்டிப் பார்க்கிறோம். வியர்வையில் அது அரை சென்டிமீட்டர் சரிந்தால் மேல் விளிம்பு சாலையின் குறுக்கே வந்து நிற்கும். விளிம்புக்குக் கீழே பார்க்கத் தலையைத் தூக்குவோம். நமக்கே தெரியாது. அல்சூர்வாசி அண்ணா போட்டிருப்பதோ கறுப்பு நிறத் தடித்த பிரேம், அகலக் கட்டை. அதோடு ஹெல்மெட்டில் மழைத்தடுப்பு மாதிரி ஒரு முன்விளிம்பு. அதைக் கழற்றலாம், பெரும்பாலும் அழுத்திச் செருகியதுதான். பின்பக்கத் திருகு தளர்ந்திருப்பதால் ஹெல்மெட்டும் புருவம் வரை இறங்கி உட்கார்ந்திருக்கிறது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும்.

மலை ஏறும்போது வலிக்காததற்கும் இது பொருந்தும். அருகில் பார்க்கும்போது விளிம்பு இடைஞ்சல் செய்யாது.

பழைய ஹெர்குலிஸ் | செவ்வாய், மதியம் 12.30

மூக்குக்கண்ணாடி சரிந்ததற்காக ஒரு மனிதன் எட்டு மாதம் தலையணையைத் திட்டியிருக்கிறான் என்றால் நம்ப முடியவில்லை.

நாலுமணிக்காரர் | செவ்வாய், இரவு 9.50

நம்பலாம், ஐயா. நான் இதைத் தவறவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடி போடாதவனுக்குத் தோன்றாது.

கழுத்து எதுவரை போகும் என்பதற்கு ஒரு கதை. அமெரிக்காவில் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் நிற்காமல் ஓட்டும் போட்டி உண்டு. 1983இல் அதில் ஓட்டிய மைக்கேல் ஷெர்மருக்கு நடுவழியில் கழுத்துத் தசை முற்றாகக் கைவிட்டது. தலை தொங்கிவிட்டது, தூக்க முடியவில்லை. அதன் பிறகு நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்கு வரும் அந்த நிலைக்கே 'ஷெர்மர் கழுத்து' என்று பெயர் வந்துவிட்டது. தலைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு முடித்தவர்கள் உண்டு. நம் நந்திப் பயணத்தில் அதெல்லாம் வராது, பயப்படுத்தச் சொல்லவில்லை. வலிமை இருக்கிற தசையும் ஓய்வில்லாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் தீர்ந்துபோகும், அவ்வளவுதான்.

பிரவே, அதாவது கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணம், ஓட்டும்போது நான் செய்வது: பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கைப்பிடியை மாற்றுவேன். மேல்பகுதி, பிரேக் பிடி, கீழ்வளைவு, மறுபடி மேல்பகுதி. முழங்கை எப்போதும் சற்று மடங்கியிருக்கும். அரை மணிக்கு ஒரு முறை பெடல் மேல் எழுந்து நின்று பத்து மிதி. 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரம் தருகிறார்கள். இதில் போகும் விநாடிகள் ஒரு பொருட்டே அல்ல. நகரத்துக்குள் என்றால் சிக்னல்கள் இருக்கின்றன. தோளைக் காதுவரை தூக்கி, பின்னால் உருட்டி, கீழே விடுங்கள். டின் ஃபேக்டரி சிக்னலில் ஒரு முழு யோகாசன வகுப்பே நடத்தலாம்.

ஹேண்டிலின் வலது முனையில் பின்னால் வருவதைக் காட்டும் சின்னக் கண்ணாடி ஒன்று மாட்டுங்கள். நம் நாட்டில் வண்டிகள் வலப்பக்கம்தான் முந்துகின்றன. நாள் முழுதும் ஒரே பக்கம் திரும்பிப் பார்க்கிறோம். கண்ணாடி திரும்பிப் பார்ப்பதற்கு மாற்றல்ல, எண்ணிக்கையைக் குறைக்கும்.

அல்சூர்வாசி | புதன், காலை 6.30

மழைக்கோட்டுக்கு நமஸ்காரம். காணொளியை இப்போதுதான் அந்தக் கண்ணோடு பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. மகள் எண்ணிப் பார்த்து ஏழு முறை என்கிறாள்.

தசைநார் | புதன், மதியம் 1.15

சைக்கிள் பாதி, மீதிப் பாதி அல்சூர்வாசியின் மேசையில் இருக்கிறது. வாரத்தில் நாற்பது மணி நேரம் மடிக்கணினியைக் குனிந்து பார்த்துவிட்டு, ஞாயிறன்று அதே கழுத்தை மேல்நோக்கி நான்கு மணி நேரம் வளைக்கச் சொல்கிறோம். மேல்முதுகு இறுகிப்போயிருந்தால் அது செய்ய வேண்டிய வளைவையும் கழுத்தே செய்யும். ஏழு எலும்புகள் எவ்வளவுதான் தாங்கும்? திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள், தனி விசைப்பலகை வையுங்கள்.

பயிற்சி மூன்று போதும், தினமும் செய்வதாக இருந்தால்.

முகவாயைப் பின்னுக்கு இழுத்தல்: சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, யாரோ மூக்கை நோக்கி விரலை நீட்டுவது போலப் பாவித்து, தலையை நேராகப் பின்னுக்கு நகர்த்துங்கள். குனியக் கூடாது, நிமிரக் கூடாது. இரட்டைத் தாடை தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். ஐந்து விநாடி, பத்து முறை.

மேல்முதுகு: குளிக்கும் துண்டைக் கெட்டியாகச் சுருட்டி, தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே குறுக்காக வைத்து மல்லாந்து படுங்கள். கையைத் தலைக்குப் பின்னால் கோத்து, கழுத்தைத் தாங்கியபடி மெதுவாகப் பின்னால் வளையுங்கள். முதல் நாள் 'ஆ' என்பீர்கள்.

இழுப்பு: வலப்பக்க வலிக்குத் தலையை இடது அக்குளைப் பார்ப்பது போலத் திருப்பிக் குனிந்து, இடக்கையால் தலையின் பின்புறத்தை லேசாக அழுத்துங்கள். இருபது, முப்பது விநாடி. வலித்தால் அதிகம் என்று பொருள்.

இவற்றோடு வயிறும் முதுகும் வலுப்பட வேண்டும். அவை களைத்ததும் உடம்பின் பாரம் முழுவதும் கைக்கு இறங்குகிறது. 25ஆவது கிலோமீட்டரில் தொடங்குகிறது என்றீர்களே, அநேகமாக அங்கேதான் வயிறு களைக்கிறது. கவிழ்ந்து படுத்துத் தூங்குபவராக இருந்தால் அதையும் விடுங்கள். தலை இரவெல்லாம் ஒரு பக்கம் முறுக்கியபடி கிடக்கும்.

புதுப்பெடல் | புதன், மாலை 4.40

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குக் கழுத்து வலி லேசாகத்தான். ஆனால் கனகபுரா சாலையில் 40 கிலோமீட்டர் தாண்டினால் இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. இறங்கி நடந்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிறது. இதுவும் கழுத்துதானா?

தசைநார் | புதன், மாலை 6.05

உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து மேட்டில் ஒரு நரம்பு ஓடுகிறது. ஹேண்டிலில் ஊன்றும்போது அது நசுங்கினால் சரியாக இந்த இரண்டு விரல்கள்தான் மரக்கும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி, இறங்கியதும் சரியாகிறது என்றால் அந்தச் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் கழுத்தின் கீழ்ப்பகுதி நரம்பு அழுந்தினாலும் சுண்டுவிரல் மரக்கும். இணையத்தில் உட்கார்ந்து இரண்டையும் பிரித்துச் சொல்ல மாட்டேன். கைப்பிடியை மாற்றி, மெத்தை வைத்த கையுறை போட்டு இரண்டு வாரம் பாருங்கள். சைக்கிளில் இல்லாதபோதும் மரத்தால், ஜாடி மூடி திறக்கக் கை தளர்ந்தால், உடனே நேரில் காட்டுங்கள்.

மழைக்கோட்டு | புதன், இரவு 8.20

அண்ணா அலுவலகத்துக்கு மடிக்கணினியை எதில் கொண்டுபோகிறார்? முதுகுப்பையாக இருந்தால் குனியும்போது பையின் உச்சி ஹெல்மெட்டின் பின்புறத்தில் முட்டும். ஹெல்மெட் முன்னால் சரியும், புருவத்தை மறைக்கும், பிறகு மேலே சொன்ன புராணம் முழுவதும்.

அல்சூர்வாசி | புதன், இரவு 8.41

முதுகுப்பைதான். டிபன் பாக்ஸோடு சேர்த்து ஆறு கிலோ. வீட்டில் எங்காவது கேமரா வைத்திருக்கிறீர்களா?

அல்சூர்வாசி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மதியம் 1.30

செய்தது, செய்த வரிசையில். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது என்பதால் வாரத்துக்கு ஒன்று.

முதல் வாரம் கண்ணாடி. பிரேமின் மூக்குத் தாங்கிகளைக் கண்ணாடிக் கடையில் நெருக்கி வளைத்துக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. பின்னால் கட்டும் கயிறு ஒன்று போட்டேன். ஹெல்மெட்டின் முன்விளிம்பைக் கழற்றித் திருகை இறுக்கினேன். அந்த ஞாயிறு வலி தொடங்கியது 25இல் அல்ல, தேவனஹள்ளி தாண்டி 40க்கு மேல். ஹெர்குலிஸ் ஐயா, நம்புங்கள்.

இரண்டாம் வாரம் சீட். மூக்கைச் சமமாக்கி, உயரத்தை ஒரு சென்டிமீட்டர் இறக்கினேன். உள்ளங்கை எரிச்சல் போய்விட்டது. கழுத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை.

மூன்றாம் வாரம் ஸ்பேசர் மூன்றையும் கீழே போட்டேன். ஆலன்கீ சொன்ன வரிசையை அச்சடித்து வைத்துக்கொண்டு செய்தும் முதல் தடவை 'டக் டக்' கேட்டது, மறுபடி செய்தேன். ஒரு நண்பனிடமிருந்து 90 மில்லிமீட்டர் ஸ்டெம் இரவல் வாங்கி மாட்டினேன். காற்று 88.

இன்று மலை உச்சி வரை போய் வந்தேன். ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, பின்னால் திரும்பிப் பார்க்க முடிந்தது. 80ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு, திரும்பி வரும்போது பழைய கட்டைவிரல் வந்து எட்டிப் பார்த்தது. கைப்பிடி மாற்ற மறந்திருந்தேன். மாற்றினேன், முழுதாகப் போகவில்லை, ஆனால் இருந்ததில் கால் பங்குகூட இல்லை. துண்டுப் பயிற்சி வாரத்தில் நான்கு நாள்தான் நடக்கிறது. அலுவலகத்தில் திரைக்கு அடியில் நான்கு பெட்டிகளை அடுக்கியிருக்கிறேன். மேலாளர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஆலன்கீ | ஞாயிறு, பிற்பகல் 2.05

90 ஸ்டெம் கீழ்நோக்கி மாட்டியிருக்கிறதா, மேல்நோக்கியா? 6 டிகிரி என்றால் கவிழ்த்து மாட்டினால் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் உயரும். அந்த 80ஐ 100 ஆக்கிப் பார்க்கலாம்.

அல்சூர்வாசி | ஞாயிறு, பிற்பகல் 2.12

கீழ்நோக்கிதான். அப்படியும் மாட்டலாம் என்று இப்போதுதான் தெரிகிறது.

பழைய ஹெர்குலிஸ் | ஞாயிறு, மாலை 4.00

அந்த 110 ஸ்டெம் சும்மாதானே கிடக்கிறது? பேரன் ரோடு பைக் வாங்கியிருக்கிறான். ஆறடி இரண்டு அங்குலம், கை குரங்குக் கை. ஹேண்டில் பக்கத்தில் வந்து இடிக்கிறதாம்.